படகு கயிற்றில் தொங்குகிறதா? ஜெட்டியில் கட்டிய படகுக்கு வரும் கோளாறுகளும் தீர்வுகளும்

பேராக்கின் ஊத்தான் மெலிந்தாங் பக்கம் சம்பான் என்ற சின்னப் படகு வைத்திருக்கும் நம் ஆட்கள் பலர் முழுநேர மீனவர்கள் இல்லை. வாரம் முழுக்கச் செம்பனைத் தோட்டத்திலோ ஆலையிலோ வேலை. சனிக்கிழமை ஆற்று இறாலுக்கும் சியாக்காப் மீனுக்கும் பெர்ணம் ஆற்றில் இறங்குவார்கள். மாலையில் ஜெட்டியில் கட்டிவிட்டு மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பினால், அடுத்த வாரம் வரைக்கும் படகைப் பார்க்க ஆள் இருக்காது. என்ஜின் ஓட்டச் சொல்லித்தர ஆயிரம் பேர் உண்டு, கட்டுவதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. "நல்லா இறுக்கிக் கட்டிட்டேன்ணே, அசையவே அசையாது" என்று ஒரு தம்பி சொன்னால் எனக்கு வயிற்றைக் கலக்கும். இந்த ஆற்றில் அசையாமல் கட்டிய படகுதான் முதலில் கெடும்.

காரணம் ஏற்றமும் வற்றமும், அதாவது கடலோடு சேர்ந்து ஆற்றுத் தண்ணீர் ஏறுவதும் இறங்குவதும். கண்முன் இருக்கும் தண்ணீரைப் பார்த்துக் கட்டினால் போதாது. ஆறு மணி நேரம் கழித்து இருக்கப்போகும் தண்ணீருக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இதை மறப்பதால் வருபவை.

தண்ணீர்க் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தீபகற்பத்தின் மேற்குக் கரையில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். அதனால் இன்று மாலை 6 மணிக்கு நிறையும் தண்ணீர் நாளை மாலை 7 மணிக்குச் சற்று முன்தான் நிறையும். அமாவாசை, பௌர்ணமி நாட்களிலும் அதற்கு ஓரிரு நாள் பின்னும் ஏற்ற வற்ற வித்தியாசம் பெரிதாக இருக்கும், அஷ்டமி வாக்கில் குறையும். இதற்குச் சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டியே போதும். மணி நேரம் தெரிய வேண்டுமென்றால், அரச மலேசியக் கடற்படையின் தேசிய ஹைட்ரோகிராஃபி மையம் ஆண்டுதோறும் வெளியிடும் அட்டவணை இருக்கிறது. ஆனால் அந்த அட்டவணையில் இருப்பது கடலோர நேரம். ஆற்றுக்குள் இருக்கும் ஜெட்டிக்கு ஏற்றம் தாமதமாகத்தான் வந்து சேரும், மேலே போகப் போகத் தாமதமும் கூடும். மழைக்காலத்தில் மேலிருந்து வரும் வெள்ளமும் சேர்ந்துகொண்டால் வற்றம் நீளும், இழுப்பும், அதாவது தண்ணீர் ஓடும் வேகமும், கூடும்.

எவ்வளவு ஏறும், எவ்வளவு இறங்கும்? கிள்ளான் துறைமுகத்தில் பௌர்ணமி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் 4 மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். வடக்கே பினாங்கில் 2 மீட்டர் சொச்சம்தான். நடுவில் இருக்கும் நமக்கு 3 மீட்டர் என்று வைத்துக்கொண்டு கட்டலாம். உங்கள் ஜெட்டித் தூணில் பௌர்ணமி ஏற்றத்தில் ஒரு பெயின்ட் கோடு, வற்றத்தில் ஒரு கோடு போட்டுவிட்டால் இந்த ஊகம்கூட வேண்டாம்.

இனி கோளாறுகள்.

வற்றத்தில் வந்து பார்த்தால் படகு கயிற்றில் தொங்குகிறது, அல்லது மூக்கு மேலே தூக்கி நிற்கிறது

அடிக்கடி நடப்பது இதுதான். நிறைந்த தண்ணீரில் வந்து, ஜெட்டியும் படகும் ஒரே மட்டத்தில் இருக்கும்போது, ஒன்றரை மீட்டர் கயிற்றில் கட்டிவிட்டுப் போனால் வேறென்ன நடக்கும்? தண்ணீர் இறங்கும், கயிறு இறங்காது.

பலர் ஏமாறுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தண்ணீர் ஒரே வேகத்தில் இறங்குவதில்லை. மொத்த இறக்கத்தைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்தால், முதல் மணி நேரத்தில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவது நான்காவதில் மும்மூன்று, பிறகு இரண்டு, கடைசியில் ஒன்று. 3 மீட்டர் வித்தியாசம் என்றால் முதல் மணி நேரத்தில் கால் மீட்டர்தான் இறங்கும். அதைப் பார்த்துவிட்டு, சரி, இன்றைக்குப் பெரிதாக வற்றாது என்று கடையில் தே தாரேக் குடிக்கப் போய்விடுவார்கள். மூன்றாம் மணியிலும் நான்காம் மணியிலும் முக்கால் முக்கால் மீட்டராகச் சேர்ந்து ஒன்றரை மீட்டர் போய்விடும். ஆற்றில் இந்தக் கணக்கு அச்சு அசலாக வராது என்றாலும் நடுவில் வேகம் கூடும் என்பது மாறாது.

இப்போதே தொங்கிக்கொண்டிருந்தால் என்ன செய்வது? முதலில், படகுக்குள் யாரும் இறங்க வேண்டாம். அடுத்து, பாரம் ஏறிய முடிச்சில் விரலை விடாதீர்கள். முறுக்கேறி நிற்கும் நைலான் கயிறு விட்டால் திரும்பி வந்து அடிக்கும், அது போகும் நேர்கோட்டில் நிற்கவே கூடாது. தண்ணீர் ஏற ஆரம்பித்துவிட்டதா என்று பாருங்கள். ஏற ஆரம்பித்திருந்தால் காத்திருப்பதே நல்லது, ஒரு மணி இரண்டு மணி நேரத்தில் பாரம் தானாக இறங்கும். இன்னும் வற்றிக்கொண்டிருந்தால், வேறொரு படகிலிருந்து நீளமான இரண்டாவது கயிற்றைச் சம்பானின் வளையத்தில் மாட்டித் தளர்வாக ஜெட்டியில் கட்டிவிட்டு, பிறகு இறுகிய கயிற்றைப் பக்கவாட்டில் நின்று அறுங்கள். இருபது வெள்ளிக் கயிறுதானே, அறுந்தால் அறுந்துவிட்டுப் போகட்டும். பிடித்திருக்கும் வளையம் ஃபைபர் பலகையோடு பிய்ந்து வந்தால் செலவு வேறு மாதிரி.

கயிறு கொம்பில், அதாவது இரண்டு பக்கமும் காது நீட்டிய இரும்புக் கிளீட்டில், முறையாகச் சுற்றியிருந்தால் அறுக்கவே வேண்டாம். மேல்சுற்றுகளை எடுத்துவிட்டு, அடியில் ஒரு முழுச்சுற்றை மட்டும் வைத்துக்கொண்டு, கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கவிடலாம். ஜெட்டியில் கிளீட் போட்டு வைப்பது இதற்காகத்தான்.

அடுத்த தடவை வராமல் இருக்க, கயிறு நீளமாகவும் சாய்வாகவும் போக வேண்டும். படகின் மூக்கிலிருந்து நேர் எதிரே இருக்கும் தூணில் கட்டாமல், முன்னால் தள்ளி இருக்கும் தூணில் கட்டுங்கள். பின்பக்கக் கயிற்றை அதே மாதிரி பின்னால் தள்ளி. ஏன் என்று கணக்குப் பாருங்கள். 9 மீட்டர் கயிறு படுத்த நிலையில் இருந்து, படகு 3 மீட்டர் இறங்கினால், கயிறு எட்டும் கிடைத்தூரம் அரை மீட்டர்தான் குறையும். படகு அரை மீட்டர் நகரும், அவ்வளவுதான். அதே 3 மீட்டர் இறக்கத்துக்கு 4 மீட்டர் கயிறு போட்டால் கிடைத்தூரம் 1.35 மீட்டர் குறைந்துவிடும், படகு தூணில் இழுபடும். 3 மீட்டர் கயிறு என்றால் நேராகத் தொங்கும். ஏற்ற வற்ற வித்தியாசத்தைப் போல் மூன்று மடங்கு கயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை மீட்டர் தளர்வும் விடுங்கள்.

ஜெட்டி சின்னது, தள்ளிக் கட்ட தூண் இல்லை என்றால் இன்னொரு வழி. தூணைச் சுற்றித் தளர்வாக ஒரு பெரிய இரும்பு வளையம், அந்த வளையத்தில் படகுக் கயிறு. தண்ணீரோடு வளையமும் ஏறி இறங்கும். வழவழப்பான தூணில் மட்டும்தான் இது வேலை செய்யும். சிப்பி ஒட்டிய தூணில் வளையம் பாதியில் மாட்டிக்கொள்ளும், அப்போது கட்டாதிருந்ததைவிட மோசம்.

ஏற்றத்தில் படகு ஜெட்டிப் பலகைக்கு அடியில் நுழைந்துவிட்டது

தொங்கும் படகைப் பார்த்துச் சிரிப்பார்கள், இதைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டார்கள். பழைய மர ஜெட்டிகளில் தூணுக்குத் தூண் குறுக்குச்சட்டம் ஓடும். வற்றத்தில் தளர்ந்த கயிற்றோடு படகு மெதுவாக உள்ளே போய்ச் சட்டத்துக்கு அடியில் நின்றுவிடும். பிறகு தண்ணீர் ஏறும். படகின் விளிம்பு சட்டத்தில் முட்டும், மேலே போக வழி இல்லை, விளிம்பைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வரும். ஓட்டையே இல்லாத நல்ல படகு, கட்டிய இடத்திலேயே மூழ்கிப் போகும்.

நீளக் கயிறு போடச் சொன்னீர்களே, அதனால்தானே இப்படி என்று கேட்பீர்கள். உண்மைதான். நீளக் கயிறு போட்டால் படகை ஜெட்டியிலிருந்து விலக்கி வைக்க ஏதாவது வேண்டும். ஜெட்டி ஓரத்தில் ஒதுங்கி நிற்கும் ஒரு மூங்கிலோ நிபோங் கம்போ ஆற்றடியில் ஊன்றி, படகின் வெளிப்பக்கத்தை அதில் ஒரு கயிற்றால் பிடித்துவைப்பது கிராமத்து மீனவர்கள் செய்வது. எனக்குப் பிடித்ததும் அதுதான். மலிவு, கண்ணுக்கும் தெரியும். கம்பு ஊன்ற முடியாத இடத்தில் வெளிப்பக்கம் ஒரு சின்ன நங்கூரம் போடலாம், ஆனால் மற்றவர் படகு போகும் வழியில் அந்தக் கயிறு குறுக்கே கிடக்கக்கூடாது. அவர்கள் என்ஜின் காற்றாடியில் சுற்றினால் சண்டை வரும்.

ஜெட்டி உங்கள் பொறுப்பில் இருந்தால், தூண்களுக்கு வெளிப்பக்கம் செங்குத்தாகச் சில பலகைகளை, வற்ற மட்டத்துக்குக் கீழிருந்து ஜெட்டியின் மேல்மட்டம் வரை, இடைவெளி குறைவாக ஆணியடித்துவிடுங்கள். படகு உள்ளே நுழைய இடமே இருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை அது. அதைச் செய்யாமல் ஆளுக்கு ஆள் டயர் மட்டும் தொங்கவிடுவதைப் பல ஜெட்டிகளில் பார்க்கிறேன். ஒரே உயரத்தில் தொங்கும் டயர், தண்ணீர் இரண்டு மீட்டர் இறங்கியபின் எதைத் தடுக்கும்?

படகு இப்போதே சட்டத்தில் மாட்டி நிற்கிறது, தண்ணீர் ஏறுகிறது என்றால் நேரம் மிகக் குறைவு. ஜெட்டிமேல் நின்று கழியால் விளிம்பை அழுத்தி வெளியே தள்ளப் பாருங்கள். கனத்தைக் கூட்டினால் படகு கொஞ்சம் தாழும் என்று சிலர் உள்ளே குதிப்பார்கள். அது வேண்டவே வேண்டாம், சட்டத்துக்கும் விளிம்புக்கும் நடுவில் உடம்பு மாட்டினால் எடுக்க வழி இல்லை. எரிபொருள் டேங்கை எட்டி எடுக்க முடிந்தால் எடுங்கள். முடியாவிட்டால் படகை விட்டுவிட்டு, அது மூழ்கினாலும் மிதந்து போகாதபடி கயிறு நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள். தண்ணீர் வற்றியதும் எடுத்துக்கொள்ளலாம்.

படகு முன்னும் பின்னும் ஓடித் தூணில் இடிக்கிறது

மீன்பிடி டிராலர் ஒன்று வேகத்தைக் குறைக்காமல் போனால் அதன் அலை ஜெட்டிக்கு வந்து சேர்வதற்குள் உங்கள் படகு ஆட ஆரம்பிக்கும். மூக்கில் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு கயிறு மட்டும் இருந்தால், அவை தளர்வாக இருக்கும் அளவுக்குப் படகு ஓடும். இறுக்கினால் தொங்கும், தளர்த்தினால் ஓடும்.

இதற்குத்தான் ஸ்பிரிங் கயிறு என்று சொல்லப்படும் மூன்றாவது, நான்காவது கயிறுகள். படகின் முன்பகுதியிலிருந்து பின்னால் சாய்ந்து ஜெட்டிக்கு ஒன்று, பின்பகுதியிலிருந்து முன்னால் சாய்ந்து ஒன்று. இரண்டும் பக்கவாட்டில் ஒன்றையொன்று குறுக்காகக் கடந்து போகும். ஒன்று படகு முன்னே ஓடுவதைப் பிடிக்கும், மற்றது பின்னே போவதைப் பிடிக்கும். இவையும் ஜெட்டியை ஒட்டி நீளமாகப் போவதால் தண்ணீர் ஏறி இறங்குவது அவ்வளவாகப் பாதிக்காது. 18 அடி சம்பானுக்கு நான்கு கயிறு அதிகம் என்று நினைத்தால் ஸ்பிரிங் ஒன்றாவது போடுங்கள், வற்றத்தின் இழுப்பு எந்தப் பக்கம் படகைத் தள்ளுகிறதோ அதற்கு எதிராக. ஆற்றில் மழை வெள்ளம் சேர்ந்தால் வற்றத்தின் இழுப்பு ஏற்றத்தைவிடப் பலமாக இருக்கும் என்பதால் அந்த ஒன்றைத் தேர்ந்தெடுப்பது சுலபம்.

கயிறு நைலானாக இருக்கட்டும். நைலான் இழுபடும், அதிர்ச்சியைத் தாங்கும். டயரைத் தூணில் கட்டுவதைவிடப் படகில் கட்டினால் அது படகோடு ஏறி இறங்கும். படகின் பெயின்ட் கறுப்பாகும் என்று வீட்டில் சொன்னால் டயர்மேல் பழைய சாக்கு ஒன்றைச் சுற்றிவிடுங்கள்.

கயிறு எப்போதும் ஒரே இடத்தில் நைகிறது

நைந்த இடத்தைக் கையில் எடுத்து, படகில் கட்டிய நிலையில் அது எங்கே உட்காருகிறது என்று பாருங்கள். ஜெட்டி விளிம்பா? படகின் ஓரமா? சிப்பி ஒட்டிய தூணா? சிப்பி என்றால் யோசிக்கவே வேண்டாம், ஒரே இரவில் 12 மில்லிமீட்டர் கயிற்றை அது அறுத்துவிடும். அந்தத் தூணில் கயிற்றை நேராகச் சுற்றாதீர்கள். தூணைச் சுற்றி ஒரு சங்கிலி, சங்கிலியில் ஷேக்கிள் (திருகாணியால் பூட்டும் இரும்பு வளையம்), அதில் கயிறு. சங்கிலிக்கும் உப்புத் தண்ணீருக்கும் ஆகாது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை தட்டிப் பார்க்க வேண்டும்.

மற்ற இடங்களுக்குத் தோட்டத்தில் தண்ணீர் விடும் பழைய ரப்பர் ஹோஸ் போதும். ஒரு முழம் வெட்டி, கயிற்றை அதற்குள் விட்டு, உரசும் இடத்துக்குக் கொண்டுவந்து, இரண்டு முனையிலும் நூல் கயிற்றால் இறுக்குங்கள். இறுக்காவிட்டால் ஹோஸ் நகர்ந்து போய்விடும், கயிறு பழைய இடத்திலேயே உரசும். வெடித்துப்போன ஹோஸ் வேண்டாம்.

நைந்த கயிற்றை முடிச்சுப் போட்டு ஒட்டவைக்கும் பழக்கத்தை விடுங்கள். முடிச்சு விழுந்த இடத்தில் கயிறு தன் பலத்தில் பாதிக்கு அருகில் இழந்துவிடும். நைந்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, நீளம் போதாவிட்டால் மீதிக் கயிற்றைச் சின்ன வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முடிச்சு தானாக அவிழ்கிறது

இரும்புக் கடையில் நீலமோ ஆரஞ்சோ பளபளப்பாக, எடை குறைவாக இருக்கும் கயிறா? அது பாலிபுரோப்பிலீன். விலை குறைவு, தண்ணீரில் மிதக்கும், அதனால் வாங்குகிறோம். முடிச்சு அதில் வழுக்கும், நம் வெயிலுக்கு மொரமொரவென்று பொடியும். கையால் தேய்த்தால் தூசி மாதிரி உதிர்ந்தால் அதன் காலம் முடிந்தது. வலை, கூண்டு கட்ட அது போதும். படகைப் பிடித்து வைக்க நைலானோ பாலியெஸ்டரோ வாங்குங்கள். சின்னச் சம்பானுக்கு 10 முதல் 12 மில்லிமீட்டர் தடிமன் போதுமானது. அதற்கு மேல் தடித்தால் கிளீட்டில் சுற்ற இடம் இருக்காது.

கயிறு நல்லது, முடிச்சுதான் சரியில்லை என்றால், பெரும்பாலும் அது தூணில் இரண்டு சுற்றில் போடும் குளோவ் ஹிட்ச்சாக இருக்கும். ஐந்து நிமிடம் நிறுத்த நல்ல முடிச்சு. ஆனால் படகு ஆட ஆட, கயிறு ஒருசமயம் இறுகி ஒருசமயம் தளர, அது மெல்ல நழுவும். தூணில் ஒரு முழுச்சுற்று கூடுதலாகப் போட்டு, நிற்கும் கயிற்றின்மேல் இரண்டு அரைமுடிச்சு போட்டால் ஒரு வாரம் ஆனாலும் நிற்கும். முழுச்சுற்றுதான் பாரத்தைத் தாங்குகிறது. முடிச்சு சும்மா காவல் நிற்கிறது. அவிழ்க்கும்போதும் பாரத்தைச் சுற்றிலேயே வைத்துக்கொண்டு அவிழ்க்கலாம்.

நிலையான கண்ணி வேண்டுமென்றால் போலைன். பள்ளியில் சாரணர் படையில் இருந்தவர்கள் மலாயில் திண்டிஹ் காசிஹ் என்று படித்திருப்பார்கள். இறுகாது, நழுவாது, எவ்வளவு இழுபட்டாலும் பிறகு கையால் பிரிக்கலாம். ஒரே குறை, பாரம் இருக்கும்போது அதை அவிழ்க்க முடியாது. அதனால் கண்ணியை ஜெட்டிப் பக்கம் போட்டு, நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் வேலையைப் படகுக் கிளீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிளீட்டில் சுற்றுவதிலும் ஒரு தப்பு பரவலாக இருக்கிறது. முதலில் அடியில் முழுச்சுற்று, பிறகு எட்டு வடிவத்தில் ஒன்றோ இரண்டோ, கடைசியில் ஒரே ஒரு பூட்டு. அவ்வளவு போதும். முழுச்சுற்று இல்லாமல் நேராகப் பூட்டு போட்டு, அதன்மேல் இன்னும் ஐந்தாறு பூட்டு ஏற்றுவார்கள். பார்க்கப் பத்திரமாகத் தெரியும், அவசரத்துக்கு அவிழாது.

கயிறு எல்லாம் சரி, ஆனால் படகில் தண்ணீர் நிறைந்திருக்கிறது

மழை. நம் பக்கம் மாலை இடிமழை ஒன்று 50 மில்லிமீட்டர் கொட்டிவிட்டுப் போவது புதிதில்லை. திறந்த சம்பானின் வாய் 6 சதுர மீட்டர் என்று வைத்தால் அந்த ஒரு மழையில் 300 லிட்டர், அதாவது 300 கிலோ. அந்தத் தண்ணீர் பின்பக்கம் ஓடிப்போய் என்ஜின் கனத்தோடு சேரும், பின்விளிம்பு தாழும், அடுத்த மழையிலோ அடுத்த படகின் அலையிலோ ஆற்றுத் தண்ணீர் உள்ளே வரும். ஒரு வாரம் விட்டுப் போகிறவர்கள் கூரைபோல் நடுவில் தூக்கிக் கட்டிய கன்வாஸ் போடுங்கள். தட்டையாக விரித்த கன்வாஸ் நடுவில் குழிந்து தண்ணீர் பிடிக்கும். பேட்டரி பம்ப் வைத்திருப்பவர்கள் மிதவை சுவிட்ச் ஒட்டாமல் மேலே எழுகிறதா என்று கையால் தூக்கிப் பார்த்துவிட்டுப் போங்கள். என்ஜினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோவது கனத்துக்கும் நல்லது, திருட்டுக்கும் நல்லது.

மழை இல்லாமல் தண்ணீர் வந்திருந்தால் வடிகுழாய் அடைப்பானைப் பாருங்கள். கரையில் கழுவிவிட்டு அடைப்பானைத் திரும்பப் போட மறப்பது உலக வழக்கம்.

வற்றத்தில் சேற்றில் உட்கார்ந்த படகு, ஏற்றத்தில் எழும்பவில்லை

தட்டையான அடிப்பாகம் சேற்றில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் சுற்றிலும் ஏறினாலும் அடியில் தண்ணீர் புகாததால் சேறு விடாது. பின்பக்கம் தாழ்வாக இருந்தால் எழும்புவதற்குள் தண்ணீர் உள்ளே வந்துவிடும். தண்ணீர் முழங்கால் அளவு வந்ததுமே ஜெட்டியிலிருந்து கயிற்றை இரு பக்கமும் மாறி மாறி இழுத்துப் படகை ஆட்டுங்கள், அடியில் தண்ணீர் நுழைந்தால் சட்டென்று விடும். இழுக்க வசதியாக இருக்கும் என்று சேற்றில் இறங்க வேண்டாம். இடுப்பு வரை புதையும், தவிர இந்த ஆற்றில் முதலை இருக்கிறது. சேறு நிச்சயம் என்று தெரிந்த ஜெட்டியில் என்ஜினைத் தூக்கி வைத்துவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் குளிர்நீர் வாயில் சேறு ஏறி அடுத்த முறை சூடாகும்.

கட்டவே முடியவில்லை, நெருங்கும்போதே படகு ஜெட்டியைத் தாண்டிப் போகிறது

இழுப்போடு சேர்ந்து வருகிறீர்கள். தாண்டிப் போய்த் திரும்பி, இழுப்புக்கு எதிராக வாருங்கள். எதிரே வரும் தண்ணீரே பிரேக். மெதுவான வேகத்தில் என்ஜினை ஓடவிட்டால் ஜெட்டிக்குப் பக்கத்தில் படகு கிட்டத்தட்ட நின்றபடி நகரும், அப்போது சாவகாசமாகக் கயிறு போடலாம். இழுப்பு எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் தூணைப் பாருங்கள், தண்ணீர் எந்தப் பக்கம் நுரைத்து மேடாகிறதோ அங்கிருந்துதான் வருகிறது.

முதலில் போட வேண்டியது தண்ணீர் வரும் பக்கத்துக் கயிறு. பின்கயிற்றை முதலில் போட்டால் மூக்கு வெளியே திரும்பி, படகு குறுக்காகி, மொத்த இழுப்பும் பக்கவாட்டில் அடிக்கும். கிளம்பும்போது அதே கயிற்றைக் கடைசியில் எடுங்கள். படகை நிறுத்தக் கையையோ காலையோ ஜெட்டிக்கு நடுவில் நீட்டாதீர்கள். என்ஜினை உடனே நிறுத்தும் கில் சுவிட்சின் கயிறு ஓட்டுபவர் மணிக்கட்டில் இருக்க வேண்டும், பாதுகாப்பு ஜாக்கெட் எல்லார்மீதும். இதைச் சொன்னால் நம் ஆட்கள், "ஜெட்டி வந்தாச்சுல்ல" என்று முதலில் ஜாக்கெட்டைத்தான் கழற்றுவார்கள். ஆற்றில் ஆள் விழுவது பெரும்பாலும் ஏறும்போதும் இறங்கும்போதும்தான். விழுந்துவிட்டால் முதலில் என்ஜினை நிறுத்துங்கள், மிதக்கும் எதையாவது வீசுங்கள், 999 அழையுங்கள். பின்னாலேயே குதிப்பது இரண்டாவது ஆளையும் இழப்பது.

விடியற்காலைக் காற்றில் கயிறு அறுந்தது

ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ராவில் உருவாகி மலாக்கா நீரிணையைத் தாண்டி வரும் காற்று மழை பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் காலையிலும்தான் மேற்குக் கரையில் அடிக்கும். நாம் தூங்கும் நேரம். மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டும் வீச்சுகள் திடீரென்று வரும், ஓரிரு மணி நேரத்தில் ஓயும். வானிலை ஆய்வுத் துறை எச்சரிக்கை வந்திருந்தால் முன்மாலையே ஒவ்வொரு கயிற்றோடும் இன்னொன்றைச் சேருங்கள், முடிந்தவரை வேறு கிளீட்டில். ஒரே கிளீட்டில் இரண்டு கயிறு என்றால் அந்தக் கிளீட் பிடுங்கினால் இரண்டும் போச்சு. கன்வாஸைக் கழற்றிவிடுங்கள், அது பாய் மாதிரி காற்றைப் பிடிக்கும்.

காற்று இல்லாமலேயே அறுந்திருந்தால் மூக்குப் பக்கம் என்ன தேங்கி இருக்கிறது என்று பாருங்கள். வெள்ளத்தில் வரும் நிப்பா மட்டை, ஆகாயத்தாமரைக் குவியல், செம்பனைமட்டை, சில நேரம் ஒரு முழு மரம். அது படகுக்கும் ஜெட்டிக்கும் நடுவில் அணைபோல் நின்றால் இழுப்பு பலமடங்காகும். மழைக்காலத்தில் ஒரு நீண்ட கழியை ஜெட்டியிலேயே விட்டு வையுங்கள், யார் வந்தாலும் தள்ளிவிட்டுப் போகலாம்.

என் படகை வெளியே எடுக்க முடியவில்லை, வேறொருவர் முடிச்சு மேலே இருக்கிறது

ஞாயிற்றுக்கிழமை நெரிசலில் நடப்பது. ஜெட்டியில் இடம் இல்லாமல் படகுக்கு வெளியே படகாக ஒட்டிக் கட்டுவார்கள். அப்படிச் செய்யலாம், ஆனால் உங்கள் மூக்குக் கயிறும் பின்கயிறும் ஜெட்டிக்கே போக வேண்டும். உள்படகின் கிளீட்டை மட்டும் நம்பினால் உங்கள் பாரம் முழுவதும் அவர் கிளீட்டில். தவிர அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், "அண்ணே, நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்புறீங்க?" என்று கேட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். மற்றவர் படகைத் தாண்டி நடக்கும்போது முன்பக்கமாக நடங்கள், தூண்டிலும் உணவும் வைத்திருக்கும் பின்பக்கம் வேண்டாம்.

ஒரே தூணில் இரண்டு கண்ணி விழும்போது ஒரு சின்ன வித்தை இருக்கிறது. ஏற்கெனவே ஒருவர் கண்ணி இருந்தால் உங்களுடையதை அதன்மேல் போடாதீர்கள். உங்கள் கண்ணியை அவர் கண்ணிக்குள் கீழிருந்து மேலே கொண்டுவந்து, பிறகு தூணின் தலையில் மாட்டுங்கள். இப்போது யார் முதலில் கிளம்பினாலும் மற்றவர் கயிற்றைத் தொடாமல் தன்னுடையதை உருவிக்கொள்ளலாம். கண்ணி பெரிதாக இருந்தால்தான் இது சுலபம், அதனால் போலைன் போடும்போது தூணின் சுற்றளவைப்போல் இரண்டு மடங்கு விட்டுப் போடுங்கள்.